மீன் பாசி

எங்கள் பக்கத்தில் ஏரி மீன் ஏலத்துக்குச் சர்க்கார் காகிதங்களில் உள்ள பெயர் 'மீன் பாசி குத்தகை'. மீன் சரி, பாசி எதற்கு என்று சிறு வயதில் யாரைக் கேட்டும் பதில் கிடைத்ததில்லை. பாசியையும் சேர்த்து விற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பின்னாளில் ஒரு நண்பர் கல்வெட்டுகளில் வரும் 'பாசிப்பாட்டம்' என்ற சொல்லைக் காட்டினார். நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமைக்கான வரி என்று பொருள். ஆக, மீனுக்குப் பணம் கேட்பது நேற்றைய வழக்கமல்ல. எல்லாம் இலவசமாக இருந்த ஒரு பொற்காலத்தைப் பற்றி எழுத எனக்கு உத்தேசமில்லை.

காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷினுக்கு முன்னால் நின்று என் ஆயுளில் பாதி போயிற்று. ஊரைச் சுற்றிப் பல ஏரிகள். இதில் வருவது எந்த ஏரி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆட்களையும் சொன்னதாகிவிடும். சொல்ல வேண்டிய ஆள் ஒருவன்தான், அது நான்.

எனக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஓர் இருளர் கிழவர். அறுப்பு முடிந்ததும் எங்கள் வயலுக்கு எலி பிடிக்க வருவார். வரப்பில் வளையின் வாயில் சட்டியை வைத்துப் புகை ஊதுவார். எலியும் வளைக்குள் சேர்ந்திருக்கும் நெல்லும் அவருக்குக் கூலி. கோடையில் ஏரி வற்றி இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது என்னையும் கூட அழைத்துப்போவார். தெருவில் பார்த்தால் 'சாமி' என்பார். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் 'தம்பி'. நான் அவரை எங்கேயும் 'நீ' என்றுதான் சொன்னேன். அதைப் பற்றி அப்போது எனக்கு எந்தப் பிரக்ஞையும் இல்லை.

வலை, தூண்டில் எதுவும் அவருக்கு வேண்டாம். விரால் மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டிய மீன். அது வந்துபோன இடத்தை மனசில் வைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் சேற்றில் அகல வைத்து மெதுவாகக் கூட்டுவார். "அவசரப்படாத தம்பி. கைய கீழ வெச்சா அதுவே வந்து சொல்லும்" என்பார். சில நாட்களில் தண்ணீர் மேல் செக்கச்செவேலென்று குஞ்சுகள் கொத்தாக மிதக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அப்போது பிடிப்பது மிகச் சுலபம், ஆனால் அவர் அந்தப் பக்கமே போகமாட்டார். அது நம்பிக்கையா, அடுத்த வருஷத்துக்கான கணக்கா என்று நான் கேட்டதில்லை.

அந்த நாட்களிலும் குத்தகை இருந்தது. தொகை சொற்பம். எடுத்தவர் வருஷத்துக்கு ஒரு முறை, தண்ணீர் வற்றும்போது, இழுவலை போட்டு வாரிக்கொண்டு போவார். மீதி நாட்களில் யார் தூண்டில் போட்டாலும், யார் சேற்றில் கை வைத்தாலும் அவர் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு ஓர் ஆளைப் போட்டால் அந்த ஆளுக்குக் கூலி கொடுத்து அவருக்குக் கட்டாது. இந்த 'கட்டாது' என்ற ஒரு வார்த்தையின் நிழலில்தான் இவ்வளவு பேர் மீன் தின்றுகொண்டிருந்தோம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. சட்டப்படி அப்போதும் நாங்கள் திருடர்களே. எங்களைத் திருடர்களாக்கும் அளவுக்கு மீனுக்கு இன்னும் விலை வரவில்லை, அவ்வளவுதான்.

1994-இல், பசலி 1404-க்கு, நானே குத்தகைதாரனானேன். நான், மைத்துனன், டீக்கடைக்காரர், லாரி டிரைவர் ஒருவர் என நாலு பேர் ஆளுக்கு 4,000 ரூபாய் போட்டோம். முந்தின முறை 9,000-க்குப் போன ஏரி எங்களிடம் 16,000-க்கு வந்தது. ஏலத்தில் விட்டுக்கொடுக்க மனசு வராது. அதிலும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரவே வராது. சென்ற முறை போன தொகையே இந்த முறை ஆரம்பத் தொகை. அதனால் தொகை ஏறுமே தவிர இறங்குவதற்கு அங்கே வழியில்லை.

16,000 ரூபாயைக் கட்டிய பிறகு ஏரியைப் பார்த்தால் அது வேறு ஏரியாக இருந்தது. இயற்கையாக விளையும் மீனை வைத்து அந்தப் பணத்தை எடுக்க முடியாது. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் வாங்கி விட்டோம். குஞ்சு விட்டால் காவல் வேண்டும். கரையில் ஒரு குடிசை, ஆளுக்கு ஒரு ராத்திரி, கையில் டார்ச். தண்ணீர் சலசலத்தால் முன்பெல்லாம் மீன் என்று தோன்றும். இப்போது ஆள் என்று தோன்றியது.

என் முறை வந்த ஒரு ராத்திரி உண்மையாகவே ஆள். டார்ச் அடித்தேன். கிழவர், கூட ஏழெட்டு வயசுப் பேரன். பேரன் கையில் கோரைத் தண்டில் கோத்த மூன்று விரால்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விரால் நாங்கள் விட்ட மீன் அல்ல.

"யாரைக் கேட்டு எறங்கின?" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. கிழவர் தண்ணீரிலேயே நின்றார். 'தம்பி' என்று கூப்பிடுவாரோ என்று ஒரு கணம் பயந்தேன். கூப்பிடவில்லை. "ஓராளுக்கு, ஒரு வேளைக்கு எம்மாம் கட்டணும் சாமி? சொன்னா கட்டிடறேன்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இத்தனை வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். இருந்ததாகத் தோன்றவில்லை. நிஜமாகவே விலை கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டு விராலை எடுத்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்தேன். 'கொடுத்தேன்' என்று எழுதுகிற கையைப் பாருங்கள். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தக் கேள்விக்கு எங்காவது பதில் இருக்கிறதா என்று பிறகு தேடியிருக்கிறேன். அமெரிக்காவில் மாநிலங்கள் தனி ஆளுக்கே லைசென்ஸ் விற்கின்றன. பல இடங்களில் ஒரே ஒரு நாளைக்கு என்றும் வாங்கலாம். வேட்டைக்கும் மீனுக்கும் கட்டணம் ஏறுகிறதென்று அங்கே அடிக்கடி முணுமுணுப்பு. ஆனால் அந்தப் பணம் போகும் இடம் தெரியும். மத்திய உதவி வேண்டுமென்றால் லைசென்ஸ் பணத்தை மாநிலம் மீன், விலங்குத் துறைக்கு வெளியே செலவழிக்கக் கூடாது என்று 1937, 1950 ஆண்டுச் சட்டங்கள் நிபந்தனை போட்டன. இது ஒன்றும் நமக்குத் தெரியாத யோசனையல்ல. மீன் வருமானத்தை ஏரியின் தூர் எடுக்கவே செலவிட வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்த ஊர்கள் இங்கேயும் இருந்தன. எங்கள் ஏரியில் நான் பார்த்தவரை தொகைதான் ஏறியது. தூரும் ஏறியது. சீமைக் கருவேலம் உள்ளே இறங்கி வந்தது.

நம்முடைய ஏலத்தில் ஏரி முழுசாகத்தான் விற்கும். சில்லறை கிடையாது. ஒரு வேளைக் குழம்புக்கான உரிமையை விற்க எந்தக் காகிதத்திலும் கட்டம் இல்லை. மொத்தமாக வாங்க முடிந்தவனுக்குக் குத்தகைதாரன் என்று பெயர், முடியாதவனுக்குத் திருடன் என்று பெயர். தொகை ஏற ஏற முதல் பெயர் உள்ளவர்கள் குறைந்து இரண்டாம் பெயர் உள்ளவர்கள் கூடுகிறார்கள்.

வேறு ஏற்பாடு இல்லாமலில்லை. இதே திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் ஒரு நாள் வரும். குடவோலையின் தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றும். ஆனால் 919, 921-இல் உத்திரமேரூரில் ஏரி வாரியத்துக்குக் குடவோலை எடுத்தபோதும் நிலம் உள்ளவன் பெயர்தான் குடத்துக்குள் போயிற்று. பாட்டிலும் அப்படி. குறிப்பிட்ட ஊர்களின் தலைக்கட்டுகளுக்கே சீட்டு. அதே ஏரியில் கையால் தடவி இறால் எடுக்கும் இருளனுக்குக் குடத்தில் ஓலை கிடையாது.

வேட்டையின் கதையும் இதேதான். 1877-இல் துரைமார்கள் நீலகிரியில் வேட்டைச் சங்கம் வைத்தார்கள். 1879-இல் அந்த மலைக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1972-இன் வனவிலங்குச் சட்டத்தில்கூட ஆரம்பத்தில் லைசென்ஸ் வாங்கிச் சில பிராணிகளைச் சுட இடமிருந்தது. 1991 திருத்தம் அதை எடுத்தது. காட்டில் ஏதாவது மிச்சமிருப்பது இந்தச் சட்டங்களால் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பாம்புத் தோல் வியாபாரம் 1970-களில் தடையானபோது இருளர்களின் கை சும்மா நின்றது. 1978-இல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் வந்தது. அனுமதி பெற்றுப் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். 2023-இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு டார்ச் வெளிச்சத்தில் நின்ற கை ஞாபகம் வந்தது. அதே கை. ஓர் இடத்தில் அதற்கு ஏற்ற அளவில் ஓர் அனுமதிச் சீட்டு அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் குத்தகை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அந்த மழையில் பாதி மீன் கலங்கல் வழியே போய்விட்டது. மிச்சத்தை விற்றதில் போட்டது போக ஆளுக்கு 800 ரூபாய் நின்றது. அதில் ஒரு மேஜை விசிறி வாங்கினேன். அடுத்த ஏலம் எங்கள் தலைக்கு மேலே போயிற்று. எடுத்தவர் வெளியூர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாக்குப்பூச்சியும் தூண்டிலுமாகக் கரையில் உட்கார்ந்திருந்த என்னிடம் காவல்காரப் பையன் வந்து, "இன்னா சார், படிச்சவரு மாதிரி இருக்கிறீங்க" என்றான். எழுந்து வந்துவிட்டேன். எம்மாம் கட்டணும் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. கிழவருக்கு என்னைவிடத் தைரியம் இருந்திருக்கிறது.

அவர் இப்போது இல்லை. 2021 நவம்பர் மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் புரண்டது. கலங்கலைத் தாண்டிய மீன் குத்தகைக்குச் சேராது என்பது ஊரின் வழக்கம். எந்தக் காகிதத்திலும் இல்லாத சட்டம் அது. கொசுவலை, பழம்புடவை, ஊத்தா என்று கையில் கிடைத்ததோடு ஊரே வாய்க்காலில் நின்றது. நானும் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினேன். பக்கத்தில் முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருவன் வெறும் கையோடு நின்றான். நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. என்னை அவனுக்கு அடையாளம் தெரிந்ததா என்று கேட்கவில்லை.

நான் தடவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அவசரப்படாதீங்க சார். கைய கீழ வைங்க" என்றான். வைத்தேன். விரல் நடுவில் ஏதோ ஒன்று குளிர்ச்சியாக வந்து, நின்று, வழுக்கிக்கொண்டு போயிற்று.

"போயிட்டுது சார்" என்றான்.