உப்புக்காற்றில் ஒரு ஜீப்

கடந்த வாரம் கற்பிட்டி சென்றிருந்தேன். பழக்கமான மீன் வியாபாரி ஒருவர் கேட்டார்: "நானா, பழைய லாண்ட் ரோவரை வித்துட்டு ஹைலக்ஸ் கெப் எடுக்கவா?" மகனின் யோசனையாம்.

வில்பத்துவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வோருக்கு உயர்ந்த இருக்கைகளும் திறந்த பக்கங்களும் வேண்டும். கொழும்பிலிருந்து வருவோருக்குக் குளிரூட்டியும் கௌரவமும். இவருக்கோ, ஐஸ் பெட்டிகளோடு மணலில் புதையாமல் வீதிக்கு ஏறினால் போதும்.

போருக்குப் பிந்தைய உருக்குத் தட்டுப்பாட்டால், 1948இல் வெளிவந்த முதல் லாண்ட் ரோவருக்கு அலுமினிய உடல் அமைந்தது. அந்தத் தட்டுப்பாடுதான் இன்று உப்புக்காற்றில் இவர் வண்டியைக் காக்கிறது. ஆனால் அடிச்சட்டம் உருக்கு. குனிந்து தொட்டேன், துரு உதிர்ந்து விரல் உள்ளே போயிற்று.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்தும் விலை இவர் கைக்கு எட்டவில்லை.

"அடிச்சட்டத்தை மட்டும் மாற்றுங்கள்" என்றேன். மகனின் முகம் வாடிவிட்டது.