இரண்டு கால அட்டவணைகள்

பள்ளிக்கூடத்திற்கென்று ஒரு கால அட்டவணை உண்டு. அதனை வகுத்தும் திருத்தியும் முப்பதாண்டு பழகியவன் நான். பெருங்குடலில் புற்று என்று தெரிந்து, அறுவையும் முடிந்தபின், மருத்துவமனையில் மற்றோர் அட்டவணையை என் கையில் தந்தனர். முதல்நாள் ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்தைக் கைநாளத்தின் வழியே செலுத்துவர். பதினான்கு நாள் காலையும் மாலையும் உணவுக்குப்பின் கேப்சைட்டபின் மாத்திரை. பிறகு ஏழு நாள் ஓய்வு. இப்படி 21 நாளுக்கு ஒரு சுற்றாக 8 சுற்றுகள்.

கணக்கு எளியதுதான். ஆனால், ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு இரத்தத்தைச் சோதிப்பர். அணுக்கள் குறைந்திருந்தால் ஒரு வாரம் தள்ளிவைப்பர். பள்ளியின் அட்டவணையோ யாருக்காகவும் தள்ளிப்போவதில்லை.

நம் நாட்டில் அரசு ஊழியர்க்குக் காசநோய், தொழுநோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கெனத் தனி விடுப்பு இருக்கிறது. சுங்கை பூலோவில் 1930ஆம் ஆண்டு தொழுநோயாளர் குடியிருப்பு தோன்றிய காலத்து அச்சம் அவ்விடுப்பின் பெயரில் இன்னும் ஒட்டியிருக்கிறதோ என்று நான் எண்ணுவதுண்டு. அறுவைக்குப்பின் அவ்விடுப்பை எடுத்துக்கொண்டேன். உடல் சற்றுத் தேறியதும், மருத்துவரின் ஒப்புதலோடு பள்ளிக்குத் திரும்பினேன்.

இதனை வீரமென்று சிலர் மேடையில் பாராட்டினர். எனக்கு அஃது உவப்பாக இல்லை. முடியாதவர் ஓய்வெடுப்பது கடமை தவறுவதாகாது. எனக்கு முடிந்தது, அவ்வளவே. அதிலும் பாதிச் சுமையைத் தாங்கியவர் எங்கள் துணைத்தலைமையாசிரியர். மேடையில் அவர் பெயரை எவரும் சொல்லவில்லை.

எங்களுடையது 150க்கும் குறைவான மாணவர் பயிலும் பள்ளி. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் நெடுங்கணக்கைக் கற்பிக்கும் பணியை நான் எவர்க்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டபோது மட்டும், அணுக்கள் குறைந்திருந்த அந்நாளில், வீட்டிலேயே இருந்துவிட்டேன். குளிர்ச்சியும் எனக்கு ஆகாது. இரும்புக் கதவின் தாழ்ப்பாளைக் காலையில் தொட்டால் விரலில் ஊசி குத்தும். சிற்றுண்டிச்சாலை அம்மையார் வழக்கமாகத் தரும் ஐஸ் மைலோவை நிறுத்திவிட்டு, கேளாமலே வெந்நீர் வைக்கத் தொடங்கினார்.

ஐந்தாம் சுற்றில் விரல்நுனிகள் மரத்துப்போயின. வெண்பலகையில் ‘மழை’ என்றெழுதினேன். முன்வரிசைச் சிறுவன் எழுந்து, “ஐயா, உங்கள் ழகரத்துக்குக் கீழ்ச்சுழி இல்லையே!” என்றான். சரியாகத்தான் சொன்னான். அந்தச் சுழியைக் கற்பிக்க நான் இரண்டு வாரம் செலவிட்டிருந்தேன். மறுபடியும் எழுதினேன், கோல் எங்கே திரும்புகிறது என்பதைக் கண் சொல்லிற்று, விரல் சொல்லவில்லை. அவனையே அழைத்து எழுதச் சொன்னேன். அன்று முதல் பலகையில் எழுதுவது பிள்ளைகளின் முறையாயிற்று. அதனால் அவர்களின் கையெழுத்து திருந்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மருந்தின் அளவைக் குறைத்தால் நோய் மிஞ்சிவிடுமோ என்றஞ்சி இதனை மருத்துவரிடம் மறைப்போர் உண்டு. அந்த அச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் இந்த மரப்பு, மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் வளரக்கூடியது. சிலர்க்கு நீங்காமலே நின்றுவிடும். விரல் போனால் வகுப்பறையில் எனக்கு என்ன வேலை?

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. “சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா?” என்று வழக்கம்போல் கேட்டார். “பொத்தான் போட முடிகிறது, ஓர் எழுத்தைப் போட முடியவில்லை” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மேசைமீதிருந்த தாளை இழுத்து, ழகரத்தை எழுதிக் காட்டி, எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்று விளக்கினேன். அவர் அதனை நெடுநேரம் பார்த்தார். தாமும் ஒருமுறை எழுத முயன்று சிரித்தார். பிறகு ஆக்சாலிபிளாட்டினின் அளவைக் குறைத்து எழுதினார். அந்தத் தாளை என் கோப்பிலேயே செருகிவைத்து, “அடுத்த முறை வரும்போது இதற்குப் பக்கத்தில் இதே எழுத்தை எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்” என்றார்.