நடுக்கடலுக்கு எட்டாத குரல்

நாஞ்சில் நாட்டு வயல்களைக் கண்டு மகிழும் யாத்திரிகர்களில், மேற்கே தேங்காய்ப்பட்டணம் கழிமுகத்தைத் தாண்டித் தூத்தூர், வள்ளவிளை, நீரோடி முதலிய கடற்கரைக் கிராமங்களை எட்டிப் பார்ப்பவர் வெகு சிலரே. ஆழ்கடல் மீன்பிடிப்பில் பேர்பெற்றவர்கள் இவ்வூரார்.

இவர்களுடைய முன்னோர் மலைமுகட்டையும் மாதா கோவில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் கண்டனர். இன்றோ, ஜி.பி.எஸ். கருவி செயற்கைக் கோள்களின் உதவியால் இருக்குமிடத்தைக் காட்டிவிடுகிறது. ஆனால், கைபேசிக்குக் கரையிலுள்ள கோபுரமே உயிர். கரை மறைந்து சில மைல் சென்றால் அது ஊமையாகிவிடும்.

இந்த வித்தியாசத்தின் விலையை 2017 நவம்பர் 30ந் தேதி ஒக்கிப் புயல் காட்டிற்று. தாம் இருக்கும் இடத்தைக் கருவி கொண்டு அறிந்தோருக்கும், புயல் வரும் செய்தி எட்டவில்லை. திரும்பாத பிள்ளைகளுக்காகக் கரையிலே தாய்மார் பல நாள் காத்து நின்றனர்.

பின்னர் இஸ்ரோவின் 'நாவிக்' கருவி வந்தது. அது எச்சரிக்கையைக் கொணரும். ஆபத்தில் இருப்பவனின் குரலைக் கரை சேர்க்காது. இருவழியும் செய்தி செல்லும் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30ல் தொடங்கிற்று. சந்திரனைத் தொட்ட தேசத்துக்கு இஃது அரிய காரியமன்று. கடைசிப் படகுக்கும் அது கிட்டிற்றா என்று கேட்பது, மீன் உண்ணும் நம் அனைவரின் கடமையன்றோ?