அத்தா கட்டிய அடுப்பு

படப்பையில் எங்கள் வீட்டின் பின்கட்டில் செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு ஒன்று இருக்கிறது. முழங்கால் உயர மேடை, மூன்று புறமும் சுவர், மேலே கூம்பாகச் சுருங்கிக் கூரையைத் துளைத்துச் செல்லும் புகைபோக்கி. மர்ஹூம் என் அத்தா, கொத்தனாருடன் தாமும் சேறு மிதித்து 1986ஆம் ஆண்டு கட்டியது. மத்திய அரசு ஊர்தோறும் புகையில்லா அடுப்புகளைப் பரப்ப முனைந்திருந்த காலம் அது. அந்தத் திட்டம் 2002ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. எங்கள் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

ரமலான் மாதம் முழுவதும் அந்த அடுப்பில்தான் என் அம்மா நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சி வேறு. இது, பள்ளிவரை நடக்க இயலாத முதியவர்களுக்கும், நோயாளிகளுக்கும், கைக்குழந்தைக்காரர்களுக்கும் உரியது. முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாரும் தூக்குவாளியை அனுப்பி வைப்பார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. லுஹர் தொழுத கையோடு அடுப்பை மூட்டினால், அஸருக்குள் தேக்சா இறங்கிவிடும். தொண்டை வறண்ட நோன்பு வேளையில், சவுக்கு விறகின் புகைக்கு நடுவே அம்மா நின்ற காட்சி எங்கள் பிள்ளைப் பருவ நினைவுகளில் ஒன்று. அதை ஒரு சிறப்பாகவே நாங்கள் பேசிவந்தோம். அந்தப் புகை எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் விறகெல்லாம் நனைந்தது. ஈர விறகை ஊதி ஊதிக் குளிக்க வெந்நீர் போட்டதில் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. மாதம் ஒன்றாகியும் விடவில்லை. இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு அவர், "வீட்டில் யாருக்கேனும் பீடிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டார்கள். "என் வீட்டுக்காரர் வெற்றிலைகூடப் போட்டதில்லை ஐயா" என்றார்கள். மருத்துவர் சிரிக்கவில்லை. பல்லாண்டு புகைபிடித்தவரின் நுரையீரலைப் போல இருக்கிறது என்றும், விறகுப் புகையும் அப்படிச் செய்யும் என்றும் சொன்னார். இதைப் பற்றித் தமிழகத்திலேயே ஆய்வு நடந்திருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் நம் கிராமத்துச் சமையலறைகளின் புகையைப் பல ஆண்டுகள் அளந்து ஆராய்ந்துள்ளார்கள். வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எனக்கோ ஒரே ஒருவரைப் பற்றித்தான் கவலை.

"இனி அடுப்பை மூடிவிடலாம் அம்மா" என்றேன். பெரிய கேஸ் அடுப்பு ஒன்றையும் வாங்கி வந்தேன். அம்மா அதைத் தொடவில்லை. "உன் அத்தா எனக்கென்று கட்டிக் கொடுத்தது தம்பி. நான் இருக்கிற மட்டும் அது அணையக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை.

வழி சொன்னவர் என் மைத்துனர். ஒரகடம் பக்கத்து உணவு விடுதி ஒன்றில் பெல்லட் அடுப்பைப் பார்த்திருந்தார். மரத்தூள், கடலைத்தோல் போன்ற கழிவுகளை உலர்த்தி, மிகுந்த அழுத்தத்தில் துளைகளின் வழியே செலுத்தி, சுண்டுவிரலைவிட மெல்லிய உருளைகளாக்குகிறார்கள். அதுவே பெல்லட். பசை எதுவும் வேண்டியதில்லை. சூட்டில் இளகும் மரத்தின் லிக்னின் என்னும் பொருளே அதை இறுக்கிப் பிடிக்கிறது. ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குள் இருப்பதால் புகை குறைவு. அடுப்பில் சிறு மின்விசிறி உண்டு. கீழிருந்து வரும் காற்று பெல்லட்டைச் சூடாக்கி வாயுவை எழுப்பும். மேலே துளைகளின் வழி வரும் காற்று அந்த வாயுவை எரித்துவிடும். நம்மை இருமவைக்கும் புகையில் பெரும்பகுதி எரியாமல் தப்பிய வாயுவும் கரியும்தானே! இது நமக்குப் புதியதும் அன்று. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் துணையோடு ஊர்ஜா என்ற பெல்லட் அடுப்பு 2006ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்திருக்கிறது.

அத்தா கட்டிய அடுப்பை இடிக்காமல், அதன் வயிற்றுக்குள்ளேயே இரும்பு அடுப்பைப் பொருத்துவது என்று முடிவாயிற்று. அம்மாவும் அரை மனதோடு இசைந்தார்கள்.

இங்கேதான் நான் பிழை செய்தேன். செலவைச் சுருக்க எண்ணி, புகைக்குழாயைப் பழைய புகைபோக்கியின் வாய்வரை மட்டும் விட்டால் போதும் என்று பொருத்தியவரிடம் சொல்லிவிட்டேன். அழகுக்காக முன்புறச் சந்துகளையும் சிமென்டால் அடைக்கச் செய்தேன். முதல் நாள் பற்றவைத்த கால் மணி நேரத்தில் பின்கட்டு முழுதும் புகை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திண்ணையில் சாய்ந்துவிட்டார்கள். நல்லது செய்யப்போய் நானே அவர்கள் மூச்சை அடைத்துவிட்டேனோ என்று நடுங்கிப்போனேன்.

மறுநாள் முதிய கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். பழைய புகைபோக்கி விறகுத் தீக்காக அகலமாகக் கட்டியது. சிறிய அடுப்பின் புகை அதற்குள் மெல்ல ஏறி, வழியிலேயே குளிர்ந்து, திரும்பி இறங்கிவிட்டது. முன்புறத்தை அடைத்ததால் விசிறிக்கும் காற்றில்லை. போதாக்குறைக்கு உள்ளே இரண்டு கூடைக் கரியும் அணிற்கூடும்! அவர் எல்லாவற்றையும் சுத்தம் செய்தார். நான்கு அங்குல இரும்புக் குழாயைக் கூரைக்கு மேலே இரண்டடிவரை ஒரே சீராக ஏற்றி, மழைக்கு மூடி போட்டார். குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியைக் கீழே தகட்டால் அடைத்தார். பக்கச் சுவர்களிலிருந்து அடுப்பைத் தள்ளி வைத்து, காற்று வரக் கீழே இரண்டு செங்கல்லை எடுத்தார். பிறகு ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பருகிலும் காட்டினார். அதன் புகை எங்கும் வெளியே சிதறாமல் உள்ளே இழுபட்ட பிறகே, "இனி அம்மாவைக் கூப்பிடுங்க" என்றார்.

2024 மார்ச்சில் வந்த ரமலானில் முதல் தேக்சா ஏறியது. பத்துப் பன்னிரண்டு கிலோ விறகு தின்ற அடுப்புக்கு நான்கு கிலோ பெல்லட் போதுமாக இருந்தது. மின்சாரம் நின்றால் விசிறியும் நின்றுவிடும் என்பதால் சிறு பேட்டரி ஒன்று வைத்தோம். ஈரம் பட்டால் பெல்லட் உதிர்ந்து வெறும் மரத்தூளாகிவிடும். ஆகையால் மூடியிட்ட பீப்பாயில், பலகைமேல் வைத்திருக்கிறோம். உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதை அம்மா மறப்பதில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு கணலிலிருந்து வரும் என்பதை அறிந்தபோது, அந்த அறிவுரையின் அருமை எனக்கு மேலும் விளங்கியது.

புகை மணம் இல்லாத கஞ்சி ருசிக்குமா என்ற அச்சம் எனக்கிருந்தது. இஃப்தாருக்குப்பின் தூக்குவாளியைத் திருப்பித் தர வந்த எதிர்வீட்டு அக்கா, "இன்றைக்குப் பூண்டு வாசம் தூக்கலாக இருந்ததே, கூடப் போட்டீர்களா?" என்று கேட்டார். "எப்போதும் போடுவதுதான். இத்தனை நாள் புகை அதை மறைத்திருந்தது" என்றார்கள் அம்மா.

கெட்டுப்போன நுரையீரல் முழுதும் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கேஸ் இதைவிடத் தூய்மையானது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இருமல் தணிந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது அம்மா அடுப்பருகே நிற்பதில்லை. திண்ணையில் அமர்ந்து உத்தரவிடுவார்கள். பெல்லட் அள்ளிப் போடுவதும் அகப்பையால் கிண்டுவதும் என் வேலை. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்த முறை!

சகோதரர்களே, தாய் கையால் உண்டு அதன் ருசியைப் புகழ்வது எளிது. ஒருநாள் அவர்கள் சமைக்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். உங்கள் கண் கரிக்குமானால், அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். அவர்கள் சொல்லமாட்டார்கள்.