கிளச் புகட்டிய பாடம்

நாற்பது வயதைக் கடந்தபின் நாம் மீண்டும் மாணவரானோம். கற்கப் புகுந்தது காரோட்டம். ஏறி அமர்ந்தது பழைய மொறிஸ் மைனர். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே உற்பத்தியான இனம். முன்செல்ல 4 கியர்கள். எமக்கு ஆசானாய் வாய்த்தவனோ, ஒருகாலத்தில் எமது வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தவன். இன்று கராஜ் ஒன்றின் சொந்தக்காரன். பலர் முன்னிலையில் அவனை நாம் ‘மக்கு’ என்றதுண்டு.

முற்றவெளியிற் பாடம் தொடங்கியது. சுழலும் எஞ்சினை, அசையாது நிற்கும் சில்லுகளோடு மெல்லச் சேர்த்துவைப்பதே கிளச்சின் தொழில். சேர்க்கை சடுதியாயின் எஞ்சின் சுமை தாளாது நின்றுவிடும். இத்தத்துவத்தை நாம் நன்கறிவோம். எமது இடக்காலோ அறியவில்லை. கார் துள்ளியது, நின்றது. பதினொரு முறை இவ்வாறாயிற்று. பந்தடித்த சிறுவர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை.

“சேர், பதறாதையுங்கோ. கார் மெல்ல நடுங்கேக்கை காலை அந்த இடத்திலையே வைச்சிருங்கோ. அது தானாப் போகும்.”

பன்னிரண்டாம் முறை கார் நகர்ந்தது. எமது நெஞ்சோ கனத்தது. அறிதல் வேறு, இயலுதல் வேறு என்பதை இருபதாண்டு கற்பித்தும் நாம் உணர்ந்திலோம். பதினொரு முறை தவற அவனுக்கு நாம் என்றேனும் இடமளித்தோமா?

இறங்கும்போது அந்தப் பழைய சொல்லுக்காக வருந்துகிறோம் என்றோம். அவன் சற்று நேரம் பேசவில்லை.

“நாளைக்கு ரிவேர்ஸ் பழகுவம், சேர்” என்றான்.

திங்கட்கிழமை, கடைசி வாங்கிலிருந்தே பாடத்தைத் தொடங்கினோம்.