ஆக்கத்தின் இல்லம்

ஸ்பெயினின் தென்கடற்கரையில் உள்ள மாலகா நகரச் சந்தைக்குச் சற்று வாருங்கள். மீனும் காய்கனியும் விற்கும் அச்சந்தையின் நுழைவாயிலாக நிற்பது, 14ஆம் நூற்றாண்டில் கிரனாடாவின் நஸ்ரீ சுல்தான்கள் காலத்தில் எழுந்த பளிங்கு வளைவு. ‘அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் வேறில்லை’ என்னும் அவர்களது அரச வாசகம் அதில் இன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் இது கப்பல் கட்டும் கூடத்தின் வாயில். அன்று கடல் இதனருகே இருந்தது, இன்று விலகிப்போய்விட்டது. 1487இல் நகரம் கைமாறியது. கூடமும் மறைந்தது, பெயர் மட்டும் மறையவில்லை. ‘அத்தராசானாஸ் சந்தை’ என்றே மக்கள் இன்றும் அழைக்கின்றனர்.

இது ‘தாருஸ் ஸினாஆ’ என்னும் அரபுத் தொடரின் திரிபு. ‘தாருல் உலூம்’ என்பதில் வரும் அதே ‘தார்’தான், இல்லம் என்பது பொருள். ‘ஸினாஆ’ என்றால் ஆக்கம், கைத்தொழில். கப்பல் கட்டுமிடத்தை அரபியர் ‘ஆக்கத்தின் இல்லம்’ என்றழைத்தனர்.

மத்தியதரைக் கடலில் மரக்கலங்களோடு இச்சொல்லும் பயணம் செய்தது. பார்சிலோனாவில் ‘திரசானஸ்’ ஆயிற்று. அங்குள்ள அரச கப்பற்கூடம் இன்று கடல்சார் அருங்காட்சியகமாக விளங்குகிறது. இத்தாலியரிடம் ‘தார்சேனா’ ஆகி, துறைமுகத்தின் உட்புற நீர்ப்பரப்பைக் குறித்தது. வெனிஸ் நகரில் முதலெழுத்து உதிர்ந்து ‘அர்சனா’ என்றும், பின்னர் ‘அர்செனாலே’ என்றும் வழங்கியது. அங்கே கப்பலுக்குப் பூசும் கீல் கொதிக்கும் காட்சியைத்தான் கவிஞர் தாந்தே நரக வருணனைக்கு உவமையாக்கினார்.

போர்க்கப்பல் கட்டுமிடத்தில் போர்க்கருவிகளும் குவிந்தன. ஆகவே பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கில மொழிகளில் ‘ஆர்சனல்’ ஆயுதக்கிடங்கைக் குறிக்கலாயிற்று. இங்கிலாந்தின் ஊல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 1886இல் தொடங்கிய கால்பந்துக் குழுவும் விரைவில் அப்பெயரையே சூடிக்கொண்டது. ஆர்சனல் வென்றதென்று துள்ளும் உங்கள் பிள்ளை, தன்னையறியாமலேயே ஓர் அரபுச் சொல்லை உச்சரிக்கிறான்!

ஆக்கத்தின் இல்லம் அழிவுக் கருவிகளின் கிடங்கானதை எண்ணிப் பாருங்கள். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கல்வி பயிலுமிடமும் ‘தார்’. தச்சரும் கொல்லரும் உழைக்குமிடமும் ‘தார்’. இரண்டையும் ஒரே சொல்லால் சிறப்பித்தது அம்மொழி. மகனைக் கைத்தொழிலுக்கு அனுப்ப நாணும் பெற்றோர், மாலகாவின் அவ்வாயிலைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.