ஆச்சியின் பஞ்சாரம்

எங்கள் வீட்டில் நிலம் தாத்தா பேரில் இருந்தது. மாடும் வண்டியும் அவருடையவை. கோழி மட்டும் ஆச்சியுடையது. எத்தனை நிற்கிறது, எது அடையில் கிடக்கிறது, எது அடுத்த தெருவில் வாரத்துக்குப் போயிருக்கிறது என்பதெல்லாம் தாத்தாவுக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். ஓட்டப்பிடாரத்து வீட்டில் கோழி வறுபட்ட ராத்திரிகளைச் சொல்ல வேண்டுமென்றால் ஆச்சியின் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாரத்துக்கு விடுவது என்றால், கோழி வாங்கக் காசில்லாத ஒருத்தியிடம் பெட்டையைக் கொடுத்துவிடுவது. அவள் வளர்ப்பாள், பொரிக்கிற குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி ஆச்சிக்கு. எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. முட்டை வாங்கவும் கோழி பிடிக்கவும் சைக்கிளில் ஒருவர் வருவார். ஹேண்டில்பாரில் கோழிகள் தலைகீழாகத் தொங்கும். அவர் எண்ணிக் கொடுக்கிற காசு உளுந்துப் பானைக்குள் போகும். அதுதான் ஆச்சியின் சிறுவாடு. ஆறாம் வகுப்பில் எனக்கு வாங்கிய காம்பஸ் டப்பா ஒரு செவலைப் பெட்டை. அம்மாவின் கண்ணாடி ரெண்டு சேவலும் கொஞ்சம் முட்டையும்.

அடை வைப்பதற்கென்று விரிசல் விட்ட மண்சட்டி ஒன்று உண்டு. அதில் மணலைப் பரப்பி, ஒற்றைப்படையாக முட்டைகளை அடுக்கி, ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய் வத்தல், ஓர் இரும்பு ஆணி வைப்பாள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாம். இரும்பு கிடந்தால் ஆகாதாம். ஒரு ஐப்பசியில் அந்த ஆணியை எடுத்துப் பம்பரத்துக்கு அடித்துவிட்டேன். மூன்று நாள் இடி இடித்தது. 21ஆம் நாள் குஞ்சுகள் ஒழுங்காகப் பொரித்தன. நான் வாயே திறக்கவில்லை.

முட்டையிடுகிற பெட்டையை அறுக்க மாட்டாள். விடைக்கோழியில் கை வைக்க மனசே வராது. அறுபடுவது பெரும்பாலும் சேவல்தான், அதுவும் அத்தை வீட்டு மாமா வந்தால். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டியாபீஸில் கணக்கு எழுதினவர். சித்திரையில், பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி கோயில் திருவிழா நடக்கிறபோது தவறாமல் வருவார். பஸ்ஸிலிருந்து அவர் இறங்கியதை நாங்கள் ஓடிவந்து சொன்னதும், ஆச்சி பதில் பேசாமல் பஞ்சாரத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையிலேயே இன்றைக்கு எது என்று முடிவாகிவிடும்.

“மாப்பிள்ள வந்திருக்காக. ஏலே, அந்தக் கொண்டைச் சேவலப் பிடி.”

இறகைப் பிடுங்கி, மஞ்சளை அப்பி, பருத்திமார்த் தீயில் திருப்பித் திருப்பி வாட்டுவார்கள். தோல் இறுகிப் பொன்னிறமாகி, அங்கங்கே கருகல் விழும். அந்தப் புகைவாசம் கறிக்குள் இறங்கினால்தான் பிற்பாடு எண்ணெயில் போடும்போது ருசி கூடும் என்பது ஆச்சியின் கட்சி. அதை இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன். கேஸ் அடுப்பில் வாட்டிப் பார்த்துத் தோற்றவன் நான்.

வத்தலும் மல்லியும் எங்கள் கரிசலில் மானாவாரியாக விளைந்தவை. எள்ளும் அப்படித்தான்; கிணறு வேண்டாம், மழை ஏமாற்றாமல் இருந்தால் போதும். உப்பு தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வந்தது. கடைக்குப் போனது மிளகுக்கும் சீரகத்துக்கும் மட்டும். எண்ணெய் செக்கிலே ஆட்டினது. எங்கள் ஊரில் செக்கு என்ற சொல்லைச் சும்மா சொல்லிவிட முடியாது. 1872இல் இங்கே பிறந்து, கப்பல் ஓட்டி, கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்தவரின் வீடு ஊருக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெய்த் தூக்கை ஆட்டிக்கொண்டு அந்த வழியே போனால் யாராவது ஒரு பெரியவர், “சிந்தாமப் போலே, அவுக மாடு மாதிரி இழுத்த எண்ணெய்டா” என்பார். அது அவர் இழுத்த எண்ணெய் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் சிந்தாமல்தான் போவோம்.

ஒரு சேவல், சாப்பிட 11 பேர். ஆச்சி முதலில் மொத்தக் கறியையும் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைப்பாள். வெந்த தண்ணீர் மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட சாறாகிவிடும். கழுத்து, விலா, இறக்கை எல்லாம் குழம்புக்கு. மிச்சச் சதை மட்டும்தான் வறுவலுக்கு. அதையும் புளியங்கொட்டை அளவுக்கு நறுக்குவாள். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கிள்ளின வத்தல், கறிவேப்பிலை, சின்ன உள்ளி, பிறகு கறி, பிறகு அம்மியில் மையாய் அரைத்த மசாலா. தண்ணீர் ஒரு சொட்டு விட மாட்டாள். தீயைக் குறைக்க விறகை வெளியே இழுப்பாள், கூட்ட உள்ளே தள்ளுவாள். சடசடவென்ற சத்தம் மெல்ல அடங்கி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, சட்டி கிறுகிறுவென்று முனகும். அப்போது இறக்குவாள். ருசி பார்க்கிறேன் என்று வாயில் போட்டு நான் கண்டதில்லை. சத்தம்தான் அவளுக்குப் பதம்.

அன்றைக்கு மட்டும் நெல்லுச்சோறு. மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறோ சோளச்சோறோதான். மாமா இலையில் வறுவல் குவியும், எங்கள் தட்டில் ஆளுக்கு நாலு துண்டு. நாலையும் கடைசிவரை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்து, யார் கடைசியாகத் தின்பது என்று பந்தயம் போட்டிருக்கிறோம். தம்பி ஒருமுறை ஜெயித்தான். அதற்குள் பூனை ஜெயித்துவிட்டது.

திருவிழா இல்லாமல், விருந்தாள் இல்லாமல், ஒரு மாசியில் எங்கள் வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து கோழி அடித்தார்கள். மூன்று நாளும் வறுவல், தட்டில் எண்ண வேண்டாத அளவுக்கு. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, தெரு முழுக்க அதே வாசம். நான் பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். ஊருக்குள் கோழிச்சீக்கு வந்திருந்தது. வெள்ளையாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், விடிந்தால் விறைத்துக் கிடக்கும். தலை தொங்குவதற்கு முந்தியே அறுத்துவிடுவார்கள். ஆச்சி முட்டைக்கோழிகளையும் அறுத்தாள். வாரத்துக்குப் போன பெட்டையும் போய்விட்டது என்று அந்த அக்கா வந்து வாசலில் நின்றாள். “நீ என்ன செய்வ, போ” என்று ஒரு கிண்ணம் குழம்பைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் ராத்திரி அவள் வறுத்த கறி அடிப்பிடித்துவிட்டது. சட்டி முனகியது அவள் காதில் விழவில்லை. அந்தத் தீபாவளிக்கு எனக்கு டவுசர் மட்டும்தான், சட்டை இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று.

இப்போது கோழி என்றால் கிலோக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிராய்லர் கடையில் வரிசை நிற்கிறது. ரோட்டோரக் கடைகளில் ‘நாட்டுக்கோழி’ என்று போர்டு வைத்து, மெத்தென்று ஏதோ ஒன்றைத் தருகிறார்கள். பல்லுக்கு வேலை இல்லாதது நாட்டுக்கோழியாகாது. போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது மதினி ரெண்டு கிலோ வாங்கிவந்து, பாக்கெட் மசாலா பிரட்டி, சிவக்கச் சிவக்கப் பொரித்துக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் எண்ணாமல் தின்றார்கள், பாதியை மிச்சம் வைத்தார்கள்.

கை கழுவக் கொல்லைப்புறம் போனேன். ஆச்சியின் பஞ்சாரம் இன்னும் இருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்கு வெயில் படாமல் இருக்க அதைக் கவிழ்த்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு அம்மிக்குழவியை வைத்திருக்கிறார்கள்.